ஊசி எது என்பதற்கு முன், மதியச் சாப்பாடு எத்தனை மணிக்கு?

"இந்தத் தடவையும் சுகர் இறங்கலைன்னா இன்சுலின் ஊசிதாம்மா" என்று மூன்று முறை சொன்ன மருத்துவர், நான்காவது முறை எதுவும் சொல்லாமல் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். வெறும் வயிற்றில் 212. சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து 304. மூன்று மாத சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 9.8 சதவீதம். அம்மாவுக்கு வயது 66, பதினேழு வருஷமாக மாத்திரையிலேயே ஓட்டியவள். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது அவள் கேட்டது ஒன்றுதான்: "ஊசின்னு ஆரம்பிச்சா கடைசி வரைக்கும் விட முடியாதாமே?"

இந்தக் கேள்விக்கு நான் படித்துத் தெரிந்துகொண்ட பதில் எளிமையானது. டைப் 2 சர்க்கரையில் வருஷங்கள் போகப் போகக் கணையம் இன்சுலின் சுரப்பதைக் குறைத்துக்கொண்டே வரும். மாத்திரை பெரும்பாலும் இருப்பதைக் கசக்கிப் பிழியும், அல்லது இருப்பதை நன்றாக வேலை செய்ய வைக்கும். சுரப்பே வற்றினால் வெளியிலிருந்து ஊற்றத்தான் வேண்டும். ஊசி போட ஆரம்பித்ததால் உடம்பு அதற்கு அடிமை ஆவதில்லை. ஆனால் அம்மாவுக்கு அந்தப் பதிலைவிடப் பெரிய பயம் மாமாவைப் பார்த்து வந்தது. அதனால் மாமாவிடமிருந்தே தொடங்குகிறேன்.

மாமா கல்யாணச் சமையல் மாஸ்டர். மன்னார்குடி சுற்றுவட்டாரத்தில் முகூர்த்த நாளென்றால் ஆளைப் பிடிக்க முடியாது. அவருக்கு இரண்டு வருஷம் முன்பு கலப்பு இன்சுலின் எழுதினார்கள். கடையில் 'முப்பது எழுபது' என்று கேட்டால் கொடுப்பார்களே, அது. மிக்ஸ்டார்ட், ஹுமின்சுலின் என்று பல பெயர்களில் வருகிறது. நம் ஊரில் ஊசி போடுகிறவர்களில் பலருக்கு முதலில் எழுதப்படுவது இதுதான். காலை ஒன்று, இரவு ஒன்று, சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால்.

இதில் முப்பது பங்கு வேகமாக வேலை செய்யும் சாதாரண இன்சுலின், எழுபது பங்கு மெதுவாகக் கரையும் என்பிஎச் என்ற இன்சுலின். காலை ஏழு மணிக்குப் போட்டால் வேகப் பங்கு அரை மணியில் கிளம்பி ஒன்பது, பத்து மணிவாக்கில் உச்சத்துக்கு வரும். காலை இட்லியை அது பார்த்துக்கொள்ளும். மெதுவான பங்கு பதினொரு மணிக்கு மேல் தலைதூக்கி மாலை வரை இழுக்கும். மதியச் சாதத்துக்கு அதுதான் காவல். யோசித்துப் பார்த்தால், மதியச் சாப்பாட்டுக்கான ஊசியைக் காலையிலேயே போட்டாயிற்று, இனி திரும்ப எடுக்க முடியாது. சாப்பாடு பன்னிரண்டரைக்கு இலையில் விழுந்தால் சரி. மூன்று மணிக்கு விழுந்தால்?

ஊருக்கே பந்தி போடுகிற மாமா சாப்பிட உட்காருவது கடைசிப் பந்தியும் முடிந்து, பாத்திரக் கணக்கு முடிந்து, மூன்றரைக்கு. ஒருநாள் இரண்டு மணிக்கு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றவருக்கு வேர்த்துக் கொட்டியது. சமையல்கட்டில் வேர்ப்பது புதிதா என்று யாரும் கவனிக்கவில்லை. கை நடுங்கி, கரண்டி நழுவி, உப்பு போட்டோமா இல்லையா என்று உதவியாளிடம் மூன்று தடவை கேட்டபோதுதான் பையன் சுதாரித்துப் பாயசத்தை ஒரு டம்ளர் கொடுத்திருக்கிறான். அப்புறம் எடுத்துப் பார்த்தபோதுகூட 58தான் இருந்தது. 70க்குக் கீழே போனாலே லோ சுகர். (பாயசம் அன்றைக்குக் கைகொடுத்தாலும் அதிலுள்ள பாலும் நெய்யும் சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதமாக்கும். மூன்று டீஸ்பூன் சர்க்கரையை வெறும் தண்ணீரில் கலக்கிக் குடித்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பார்ப்பதுதான் சரி. அதைக் கற்றபிறகு மாமா சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை.)

மருந்தில் தப்பில்லை, மாமாவின் அளவிலும் தப்பில்லை. அவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதனால் அம்மாவுக்காக மருத்துவர் முன்னால் உட்கார்ந்தபோது எந்தக் கம்பெனி நல்லது, எது விலை குறைவு என்பதையெல்லாம் பின்னால் வைத்துக்கொண்டு வீட்டு நேரக் கணக்கை முதலில் சொன்னேன்.

அவர் காட்டிய வழி மூன்று. முதலாவது மேலே சொன்ன இரண்டு வேளைக் கலப்பு. இரண்டாவது, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஒரு நாளைக்கு ஒரே ஒரு நீண்ட நேர ஊசி. கிளார்ஜின் என்பது மருந்தின் பெயர், லாண்டஸ், பாசலாக் என்று கிடைக்கும். கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க, பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் அடியில் ஒரே சீராக ஓடும். டெக்லூடெக் என்று இன்னொன்று உண்டு, அது 42 மணி நேரம் வரை நிற்கும், விலையும் அதற்கேற்ப. இவற்றுக்குச் சாப்பாட்டு நேரம் ஒரு பொருட்டில்லை. தினமும் ஒரே நேரத்தில் போட்டால் போதும். வெறும் வயிற்றுச் சர்க்கரையை அழகாக இறக்கும். ஆனால் மூன்று வேளையும் சாதம், இட்லி, தோசை என்று போகிறவர்களுக்குச் சாப்பிட்டபின் எகிறுவதை இது தனியாகப் பிடித்து நிறுத்தாது.

மூன்றாவது வழி, நீண்ட நேர ஊசி ஒன்று, அதோடு ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு வேக ஊசி. நாளைக்கு நான்கு குத்தல். உடம்பின் இயல்பான சுரப்புக்கு மிக நெருக்கமானது இதுதான். கணையம் இன்சுலினே சுரக்காத டைப் 1 உள்ள குழந்தைகளுக்கு இதுவோ, லட்சங்களில் விலை போகும் இன்சுலின் பம்போதான் சரிப்படும். அவர்கள் விஷயம் தனி, இந்த ஒப்பீட்டில் அவர்களை நுழைக்கவில்லை. அறுபத்தாறு வயதில் முதல்முறை ஊசியைத் தொடுகிற ஒருவரிடம் நான்கு என்று சொன்னால் ஒன்றுகூடப் போடமாட்டார். அம்மா நான்கு என்றதும் எழுந்தே விட்டாள்.

அம்மாவின் நாள் எப்படி? காலை ஏழரைக்குப் பலகாரம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு, இரவு எட்டுக்கு இரண்டு தோசை. முப்பது வருஷமாக இதில் பத்து நிமிஷம் மாறியதில்லை. அப்பாவின் பிடிவாதம் அப்படி. சாப்பிட்டபின் 304 வருகிறது என்பதால் ஒற்றை நீண்ட நேர ஊசி அவளுக்குப் போதாது என்பது மருத்துவரின் கணிப்பு. மாமாவைக் கவிழ்த்த அதே முப்பது எழுபது அம்மாவுக்குக் கச்சிதம். சாப்பிடும் நேரத்திலேயே போட்டுக்கொள்ளக்கூடிய புதுவகைக் கலப்பு இன்சுலினும் இருக்கிறது. அரை மணி காத்திருக்க வேண்டாம் என்பது அதன் பெரிய லாபம், அதற்கென்று விலையும் கூடுதல். அம்மா ஊசி போட்டுவிட்டு இட்லித் தட்டை அடுப்பில் ஏற்றினாள் என்றால், இறக்கிச் சட்னி தாளிக்கும்போது அரை மணி தானாக ஆகியிருக்கும். எங்கள் வீட்டில் அந்த லாபத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆபீசுக்கு ஓடுகிறவர்களுக்கு இருக்கலாம்.

ஒரே முள், விரதம். மாதம் தவறாமல் கிருத்திகை. அன்றைக்குப் பகலில் பாலும் பழமும் மட்டும். கலப்பு ஊசியின் மெதுவான பங்குக்குக் கிருத்திகை தெரியாது, அது பதினொரு மணிக்கு வந்து நிற்கும். விரதத்தை விடச் சொன்னால் அம்மா ஊசியைத்தான் விடுவாள் என்று தெரிந்த மருத்துவர், அன்றைக்கு மட்டும் காலை அளவு எவ்வளவு என்று தனியாக எழுதித் தந்தார். நோன்பு இருக்கும் நண்பர் ஒருவரும் ரமலானுக்கு முன்பே போய் இதேபோல் அளவை மாற்றி எழுதி வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். இதை நாமாகக் குறைத்துப் பார்ப்பதற்கும் கேட்டு வாங்குவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

மருந்து முடிவாயிற்று. அப்புறம் வந்தது பாட்டிலா பேனாவா, அதாவது பாட்டிலிலிருந்து சிரிஞ்சால் இழுத்துப் போடுவதா, மருந்துக் குப்பியை மாட்டி அளவைத் திருகிவைக்கும் பேனாவில் போடுவதா என்பது. உண்மையைச் சொன்னால் இதில்தான் நாங்கள் அதிக நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம்.

பாட்டிலின் பக்கம் பேச நிறைய இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைப்பது பாட்டில்தான். அம்மாவின் மாத்திரைகூட 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்துகொண்டிருந்தது, அந்தப் பழக்கத்தில் காசு கொடுத்து மருந்து வாங்குவதே அவளுக்கு அநியாயமாகத் தெரியும். கடையில் வாங்கினாலும் முப்பது எழுபது பாட்டில் ஒன்று இருநூறு ரூபாய்ச் சுற்றில்தான். அதில் 10 மில்லி, 400 யூனிட். அம்மாவுக்கு எழுதியது காலை 18, இரவு 10. ஆக நாளைக்கு 28. ஒரு பாட்டில் பதினான்கு நாள் வரும், நான்கு வாரத்துக்கு இரண்டு போதும். இதையே பேனாவுக்கான 3 மில்லிக் குப்பியில் வாங்கினால் 300 யூனிட். ஒவ்வொரு தடவையும் காற்றை வெளியேற்ற 2 யூனிட் தெளித்துவிட வேண்டும் என்பதால் நாளைக்கு 32 செலவு. ஒன்பது நாளில் காலி. ஒரு யூனிட்டின் விலை எங்களுக்குப் பாட்டிலைப் போல மூன்று மடங்கு வந்தது. பேனா ஊசிமுனை தனிச் செலவு.

அப்படியிருந்தும் பாட்டில் வேண்டாம் என்று நான் நின்றதற்குக் காரணம் மாமா வீட்டில் நடந்த இன்னொரு கூத்து. நம் நாட்டில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் யு-40, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட். பேனாக் குப்பிகள் யு-100, ஒரு மில்லியில் 100. பல நாடுகள் எப்போதோ எல்லாவற்றையும் யு-100 ஆக்கிவிட்டன, நாம் இரண்டையும் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறோம். சிரிஞ்சும் அதற்கேற்ப இரண்டு. யு-40க்குச் சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. மாமாவுக்கு மருந்துக்கடையில் சிவப்பு தீர்ந்துபோய் ஆரஞ்சைக் கொடுத்துவிட்டார்கள். அத்தையும் வழக்கம்போல 20 கோடு வரை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த சிரிஞ்சில் 20 என்பது 0.2 மில்லி. பாட்டில் மருந்தில் அது 8 யூனிட்தான். எட்டு நாள் சுகர் 350க்குக் கீழே வரவில்லை. மாமா திருட்டுத்தனமாக ஜாங்கிரி சாப்பிடுகிறார் என்று வீட்டில் பெரிய சண்டை. பாவம், அந்த எட்டு நாளும் மனிதர் வாயையே கட்டிப்போட்டிருந்தார்.

இதுவாவது ஏறியது, இறங்கவில்லை. தலைகீழாக நடந்தால்தான் ஆபத்து. பேனாக் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு இழுத்தால் அது அரை மில்லி. உள்ளே போவது 50 யூனிட். பேனா பழுதாகிவிட்டது, குப்பியில் மருந்து மிச்சமிருக்கிறது, வீணாக்குவானேன் என்று நினைக்கும் சிக்கனக்காரர்கள் வீட்டில்தான் இது நடக்கும். குப்பியிலிருந்து சிரிஞ்சால் இழுக்கவே கூடாது.

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று, இன்னொன்று பாக்கி. 18க்கும் 20க்கும் நடுவில் உள்ள கோடு அவளுக்குத் தெரியாது. காற்றுக் குமிழியும் தெரியாது. பேனாவில் திருகினால் ஜன்னலில் எண் வரும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் 'டிக்' என்று சத்தம் கேட்கும். அம்மா சத்தத்தை எண்ணியே போட்டுக்கொள்கிறேன் என்றாள். அது கூடாது. ஒரு சத்தம் விட்டுப்போனாலும் அளவு மாறிவிடும், எண்ணைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். எனவே அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு "பதினெட்டு, சரி" என்று சொன்னபிறகுதான் அம்மா குத்துகிறாள். நாற்பது வருஷத்தில் அம்மா செய்யும் ஒரு காரியத்துக்கு அவர் ஒத்தாசை செய்வது அநேகமாக இதுதான் முதல் தடவை.

வலியைப் பொறுத்தவரை போட்டியே இல்லை. பேனா ஊசிமுனை 4 மில்லிமீட்டர்தான். பெரும்பாலானவர்களுக்குச் சதையைப் பிடித்துத் தூக்காமலே நேராகக் குத்தலாம். சிரிஞ்சு ஊசி நீளம் என்பதால் பிடித்துத் தூக்கித்தான் போட வேண்டும். பேனாவில் ஒன்று மறக்கக் கூடாது: பொத்தானை அழுத்தியபின் பத்து எண்ணும்வரை ஊசியை உள்ளேயே வைத்திருக்க வேண்டும். உடனே எடுத்தால் தோல் மேல் ஒரு துளி நிற்கும், அது உள்ளே போயிருக்க வேண்டிய மருந்து. போட்டு முடித்ததும் முனையைக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் குப்பிக்குள் காற்று புகும், மருந்தும் கசியும்.

கலப்பு இன்சுலின் பாலைப் போல வெள்ளையாக இருக்கும். பாட்டிலோ பேனாவோ, நின்றால் அடியில் படியும். குலுக்கக் கூடாது. உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்து தடவை உருட்டி, பத்து தடவை தலைகீழாகச் சாய்த்து, ஒரே சீராக வெளுத்தபின் போட வேண்டும். கலக்காமல் போட்டால் அன்றைக்கு முப்பது எழுபதாக இல்லாமல் வேறேதோ விகிதம்தான் உள்ளே போகும். பேனா வைத்திருப்பவர்கள் இதை அதிகம் மறக்கிறார்கள் என்பது என் சந்தேகம். பேனா என்றதுமே திறந்து எழுதத் தோன்றுகிறது போல.

பேனாவின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனிக் குப்பி இன்னொரு கம்பெனிப் பேனாவில் பொருந்தாது. கடையில் உங்கள் குப்பி இல்லையென்றால் பக்கத்துக் குப்பியை வாங்கிவந்து சமாளிக்க முடியாது. சின்ன ஊர்க் கடைகளில் பாட்டில் எப்போதும் இருக்கும், குப்பிக்கு இரண்டு நாள் முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். ஆனால் குறைந்த அளவு போடுகிறவர்களுக்குக் கணக்கு மாறும். நாளைக்கு 10 யூனிட் போடுகிறவருக்குப் பாட்டில் நாற்பது நாள் வரும், திறந்த மருந்தை நான்கு வாரத்துக்கு மேல் வைத்துக்கொள்ளாமல் இருப்பதுதான் பொது விதி. மிச்சம் கீழே கொட்டத்தான்.

ஊசிமுனையை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. நான் அறிந்த வீடுகளில் மூன்று, நான்கு தடவைக்கு முன்னால் யாரும் எறிவதில்லை. காசுதான் காரணம், அதை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் மழுங்கிய முனையில் ஒரே இடத்தில் குத்திக் குத்தி மாமாவின் இடது வயிற்றில் கொழுக்கட்டை அளவில் ஒரு கட்டி வந்துவிட்டது. அங்கே வலி தெரியாது, அதனால் அங்கேயே போடுவார். அந்தக் கட்டிக்குள் போன மருந்து ஒருநாள் வேலை செய்யும், ஒருநாள் செய்யாது. மருத்துவர் இடத்தை மாற்றச் சொன்னபோது அளவையும் சேர்த்துக் குறைத்தார். நல்ல சதையில் அதே அளவு முழுதாக உறிஞ்சப்பட்டு லோ சுகர் வந்துவிடும் என்பதால். அம்மாவுக்கு இந்த வாரம் வலது வயிறு, அடுத்த வாரம் இடது, தொப்புளுக்கு இரண்டு விரல் தள்ளி, முன்பு குத்திய இடத்துக்கு ஒரு விரல் தள்ளி என்று தினசரி காலண்டர் தாளில் குறித்துவைக்கிறோம்.

குளிர்பெட்டி விஷயத்தில் பயப்படுகிற அளவுக்குப் பயம் வேண்டாம். திறக்காததைக் கதவு அறையில் வைத்தால் போதும். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து உறைந்துபோனால் அது குப்பைதான், உருகவைத்துப் போடக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனாவை வெளியே, வெயில் படாத இடத்தில் வைக்கலாம். சித்திரை மாதம் எங்கள் வீட்டில் அது மண்பானைத் தண்ணீருக்குள் மிதக்கும் மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில் இருக்கும். கென்யாவின் டகஹாலே அகதிகள் முகாமில் நிலவும் 25 முதல் 37 டிகிரி வரையிலான வெப்பத்தை ஆய்வகத்தில் உண்டாக்கி நான்கு வாரம் வைத்துச் சோதித்தபோது இன்சுலினின் வீரியம் குறையவில்லை என்று 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு சொல்கிறது. மின்வெட்டு வந்த இரவில் பதறிப்போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிய நாட்கள் எங்களுக்கும் உண்டு.

ஆக அம்மாவுக்கு இரண்டு வேளை முப்பது எழுபது, பேனாவில். மாமாவுக்கு அதை நிறுத்திவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு கிளார்ஜின், மூன்றரை மணிச் சாப்பாட்டுக்கு இலை முன்னால் உட்காரும்போது ஒரு வேக ஊசி. சாப்பாடு தள்ளிப்போனால் ஊசியும் தள்ளிப்போகும். அவரிடம் இருப்பது இரண்டு பேனா, இரண்டிலும் மருந்து தண்ணீர் போலத் தெளிவு. இருட்டில் மாற்றி எடுத்து 22 யூனிட் வேக மருந்தைப் போட்டுப் படுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அத்தைக்கு விளக்கினேன். மறுநாளே வேகப் பேனாவில் ரப்பர் பேண்டு ஏறிவிட்டது.

அம்மாவின் சராசரி நான்கு மாதத்தில் 9.8இலிருந்து 7.6க்கு வந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் வாங்கிய பாட்டில் ஒன்று இன்னும் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது. பேனா மக்கர் செய்தாலோ கடையில் குப்பி இல்லாமல் போனாலோ அதுதான் துணை. பாட்டிலோடு சேர்த்துக் கட்டி ஐந்து சிரிஞ்சு வைத்திருக்கிறேன். ஐந்தும் சிவப்பு மூடி.